அருணகிரியின் நன்கொடைப் படம்

என் கேமரா ஒருவரைப் படமெடுத்தால், அவர் மனதில் இருப்பதையும் கீழே அச்சடித்துவிடும். டயாலிசிஸ் வார்டுக்கான நன்கொடை விழாவில் அன்று ‘வரிச் சலுகை’, ‘தேர்தலில் சீட்டு’ என்றே வந்துகொண்டிருந்தது. ஒருவராவது நோயாளியை நினைத்துக் கொடுக்கக் கூடாதா என்று எனக்கு எரிச்சல்.

நகைக்கடை அருணகிரி இரண்டு இயந்திரங்கள் கொடுத்தார். அவர் படத்தின் கீழே, ‘போன வருஷம் மச்சான் ஒன்றுதான் கொடுத்தான்’ என்று வந்தது.

“தம்பி, அத மட்டும் வெட்டிருங்க,” என்று என் காதருகே வந்து கெஞ்சினார்.

அவர் கொடுத்த இயந்திரத்தில் மகனுக்கு முதல் ஆளாக இடம் கிடைத்திருந்த பவளக்கொடி, படத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“வெட்டாதீங்கண்ணே. அந்த மச்சானுக்கு ஒரு காப்பி அனுப்புங்க. இன்னும் மூணு பேரு மெஷினுக்குக் காத்திருக்காங்க.”