தாழ்ப்பாள்

கம்பெனி பஸ் கவரைப்பேட்டையைத் தாண்டும்போது துளசிராமனின் போனில் அந்தப் புகார் வந்து விழுந்தது.

உடனே சந்தேகப்பட்டான். சந்தேகப்படுவது அவனுக்கு மூச்சு விடுவது மாதிரி.

கும்மிடிப்பூண்டியில் எட்டு மணி நேரம் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு, மிச்ச நேரத்தில் அவன் செல்போனுக்கு ஒரு பிரௌசர் செய்துகொண்டிருந்தான். பெயர் 'தாழ்ப்பாள்'. விலை கிடையாது, விளம்பரம் கிடையாது. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம் என்று இணையத்தில் திறந்து போட்டிருந்தான்.

திறந்து போட்டது ஒரு மனசு. தூங்கவிடாதது இன்னொரு மனசு. நல்லவன் மாதிரி திருத்தம் அனுப்புகிறவன்தான் சத்தமில்லாமல் ஓட்டை போட்டுவிட்டுப் போவான் என்று, வருகிற ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை படிப்பான். இதைச் செய்வது தான்தான் என்று வீட்டில்கூடச் சொன்னதில்லை. கூட வேலை பார்க்கும் ஜெகனுக்கு மட்டும் தெரியும். பாதி நிரல் ஜெகன் எழுதியது.

புகாரில் பெயர் இல்லை.

'துடை பட்டனை அழுத்தினால் பார்த்ததெல்லாம் அழிந்துவிடுகிறது. ஆனால் திறந்திருக்கும் ஆப்புகளின் வரிசைக்குப் போனால், கடைசியாகப் பார்த்த பக்கம் சின்னப் படமாக அப்படியே நிற்கிறது. என் வீட்டுக்காரர் தினமும் போனை வாங்கிப் பார்ப்பார். நான் ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். தெரிந்தால் போகவிட மாட்டார். சீக்கிரம் சரி செய்யுங்கள்.'

எவனோ ஆழம் பார்க்கிறான் என்றுதான் முதலில் நினைத்தான். தன் போனிலேயே செய்து பார்த்தான். துடைத்தான், வரிசையைத் திறந்தான். படம் நின்றது.

சந்தேகம் போய்க் கோபம் வந்தது. முகம் தெரியாத அந்தப் புருஷன்மேல் அப்படி ஒரு கோபம். பெண்டாட்டி போனை நோண்டுவதெல்லாம் ஒரு பிழைப்பா?

பஸ் குலுங்கக் குலுங்க பதில் தட்டினான்.

'சகோதரி, நாளை மாலைக்குள் சரி செய்துவிடுகிறேன். அதுவரை அந்த ஆளிடம் போனைக் கொடுக்காதீர்கள். சார்ஜ் இல்லை, ஆஃப் ஆகிவிட்டது என்று சொல்லுங்கள். எட்டிப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. தைரியமாக இருங்கள்.'

அனுப்பிய பிறகுதான் புகாரின் அடியில் தானாக ஒட்டிக்கொண்டு வந்திருந்த பதிப்பு எண்ணைப் பார்த்தான். 0.9.7.

அந்தப் பதிப்பை அவன் இன்னும் வெளியிடவே இல்லை. இணையத்திலும் ஏற்றவில்லை.

பக்கத்து சீட்டில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த ஜெகனைப் பிடித்து உலுக்கினான்.

"டேய், டெஸ்ட் வெர்ஷன யாருக்குடா குட்த்த?"

"பேஜாரு பண்ணாதடா. எனக்கே நீ இன்னும் குட்க்கல. நா இன்னாத்த எட்த்து எவனுக்குக் குட்க்கிறது?"

சொல்லிவிட்டு ஜெகன் திரும்பவும் தூங்கிப்போனான். ஆனாலும் பெரியபாளையம் வரும்வரை துளசிராமன் அவனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் வந்தான்.

அப்புறம் நிதானமாக யோசித்தான். 0.9.7 இருப்பது இரண்டே போன்களில். ஒன்று அவன் கையில். இன்னொன்று மனைவி பூமிகாவின் போன். பழைய போனில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க, ஞாயிற்றுக்கிழமை அவன்தான் போட்டுவிட்டான். "நல்ல ஆப், விளம்பரம் வராது" என்று மட்டும் சொல்லியிருந்தான்.

அப்படியென்றால் பூமிகா அதை யாருக்கோ அனுப்பியிருக்கிறாள். பக்கத்து வீட்டு ஜெனிபருக்குத்தான் அனுப்பியிருப்பாள். ஜெனிபரின் புருஷன் பார்வையே சரியில்லை என்று அவனுக்கு எப்போதுமே ஒரு எண்ணம். பாவம் அந்தப் பெண். அதற்காக, கேட்காமல் கொள்ளாமல் அடுத்தவளுக்கு அனுப்புவதா? இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று மணவாள நகரில் இறங்கி நடந்தான்.

பூமிகா கதவைத் திறந்தாள். கையில் டீ டம்ளர்.

செருப்பைக் கழற்றியபடியே துளசிராமன் வலது கையை நீட்டினான்.

தினமும் இப்படித்தான். அவன் கையை நீட்டுவான். அவள் போனை வைப்பாள். டீ ஆறுவதற்குள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பான். கல்யாணமான இந்த நாலு வருஷத்தில் ஏன் என்று அவள் கேட்டதில்லை, எதற்கு என்று அவன் சொன்னதும் இல்லை.

இன்றைக்கு நீட்டிய கைக்கு டம்ளர்தான் வந்தது.

"போன்ல சார்ஜ் இல்லீங்க," என்றாள் பூமிகா. "ஆஃப் ஆயிட்ச்சி."

டம்ளர் சுட்டது. கீழே வைக்கத் தோன்றாமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

அவன் போனைப் பார்த்து முடிக்கும்வரை தரையைப் பார்த்து நிற்கிறவள், இன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்து நின்றாள்.

தைரியமாகத்தான் இருந்தாள்.