தும்மலும் தெத்துப்பல்லும்

இருபது வருடத்துக்கு முன்பு, கட்சித் தலைவர் தும்மப்போன நொடியில் அருளப்பன் எடுத்த படத்துக்குப் பத்திரிகையில் ‘சீறும் சிங்கம்’ என்று தலைப்பு வைத்தார்கள். போஸ்டர், கட்டவுட், காலண்டர் எல்லாவற்றிலும் அந்தத் தும்மல்தான். அதிலிருந்து கேமராவைக் கண்டாலே தலைவர் மூக்கை விடைத்துக்கொள்வார். இன்று அவர் மகளுக்குக் கல்யாணம்; படமெடுப்பதும் அருளப்பன்தான்.

“இந்தப் படத்துலயாவது சிரிங்கப்பா,” என்றாள் மணப்பெண்.

“சிரிச்சா கட்சி என்னய்யா ஆகும்?” என்று தலைவர் அருளப்பனைக் கேட்டார்.

“லென்ஸை மூடிடுறேன். சும்மா சிரிச்சுப் பாருங்கய்யா.”

தலைவர் சிரித்தார். இத்தனை வருடம் ஊர் பார்க்காத தெத்துப்பல் ஒன்று எட்டிப் பார்த்தது. மகளுக்கு இருக்கும் அதே பல். தன் பிழைப்பே அந்தத் தும்மல்தான் என்று தெரிந்தும் அருளப்பனின் விரல் மூடியைக் கழற்றியது. அதைப் பார்த்த தலைவர் அவசரமாக மூக்கை விடைத்தார். சிரிப்பு நின்றபாடில்லை.