சீட்டு மாறிய கதை

"ரெண்டு பாட்டில்லயும் சீட்டை மாத்தி ஒட்டினது நீதானய்யா, கண்ணப்பா?"

மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமலே டாக்டர் கோதண்டராமன் கேட்டார். ஆஸ்பத்திரி அட்டெண்டர் கண்ணப்பன் கையிலிருந்த ட்ரேயை மேஜைமேல் வைத்தான்.

பென்னலூர் முனிரத்தினம் ஆறு மாதமாக ரத்தமாக இருமுகிறவன். அவன் நுரையீரலிலிருந்து எடுத்த சதையில், தாடையோரத்து எச்சில் சுரப்பியில் வரும் புற்றுக்கட்டி தெரிந்தது. தாடை வீங்கி வந்த யாக்கோபின் சதையிலோ வெறும் புண்தான்.

"தாடையில வர்ற கட்டி நுரையீரல்ல எப்படிய்யா வரும்?" என்றார் டாக்டர். தான் படிக்காதது உலகத்திலேயே இல்லை என்று நினைக்கிற மனிதர்.

சதை ஊறும் மருந்துத் தண்ணீர் பட்டுப் பாட்டிலின் பெயர்ச் சீட்டு கழன்றால், கண்ணப்பன் டிபன் பாக்ஸிலிருந்து சோற்றுப் பருக்கையை எடுத்து நசுக்கி ஒட்டுவான். ஆஸ்பத்திரிக்கே தெரிந்த விஷயம் அது. மறுத்தால் இரண்டு பேருக்கும் மறுபடி சதை எடுக்க வேண்டும், விசாரணை வரும், வேலை போகும். ஒத்துக்கொண்டால் மன்னிப்புக் கடிதத்தோடு விட்டுவிடுவதாக டாக்டர் சொன்னார்.

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனிகளே சொற்பம். நாற்பது வயசுக்காரனை எவன் கேட்டுக்குள் விடுவான்?

"ஆமா சார். நான்தான் மாத்தி ஒட்டிட்டேன்."

அன்றே ரிப்போர்ட்டுகள் திருத்தப்பட்டன. யாக்கோபுக்குத் தாடையில் ஆபரேஷன், முனிரத்தினத்துக்கு டி.பி. மாத்திரை என்று முடிவானது.

புருஷன் முனிரத்தினத்தை வீட்டுக்கு அழைத்துப்போக வந்த பாஞ்சாலி, ஒரு பை வேர்க்கடலையைக் கண்ணப்பன் கையில் திணித்தாள்.

"மாரை அறுத்துக் கட்டிய எடுத்தாதான் என் வூட்டுக்காரர் பொழைப்பாருன்னாங்கண்ணா. இப்ப மாத்திரையே போதும்னுட்டாங்க. தன் தப்ப யாருண்ணா ஒத்துக்கறாங்க இந்தக் காலத்துல? நீ ஒத்துக்கினியே. உன் கொலம் நல்லா இருக்கணும்."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலில் முனிரத்தினம் இருமிக்கொண்டே கும்பிட்டான். கண்ணப்பனும் கும்பிட்டான். சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தவித்தான். அதற்குள் பஸ் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

சதை எடுத்த அன்று, முனிரத்தினத்தின் பாட்டிலை ஒட்டிய சீட்டோடு கண்ணப்பன் லேபில் கொடுத்துவிட்டுத் திரும்பிய நேரத்தில், யாக்கோபு இன்னும் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்திருக்கவில்லை.