ஒரு வாய்த் தண்ணீர்

கூக்கால் ஏரியிலிருந்து மூடுபனி மேலேறி வருகிறது. வாசலில் காயும் பூண்டுக்கு நடுவே மணியன் சொம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். போன மாதம் அவனைக் கடித்த நாய் அப்போதே வெறிபிடித்துச் செத்துவிட்டதாம். மனைவி முருகம்மாள் இப்போதுதான் கேள்விப்பட்டு ஓடிவந்து சொன்னாள். கெண்டைக்காலில் புண் ஆறித் தழும்பாகிவிட்டது. நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி என்றாலே அவனுக்குப் பயம். பூண்டு பிடுங்கட்டும், மழை விடட்டும் என்று கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிக்கொண்டே வந்தான். விஷம் ஏறினால் தண்ணீர் இறங்காது என்பார்கள். சொம்பை உதட்டருகே கொண்டுபோய் நிறுத்துகிறான். "குடிங்க" என்கிறாள் முருகம்மாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடிக்கிறான். தொண்டை இறுகுகிறது, பிறகு விடுகிறது. தண்ணீர் இறங்கிவிட்டது. அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். "வெரசா எந்திரிங்க. பூம்பாறைக்கு நடந்துட்டோம்னா கொடைக்கானலுக்கு லாரி கெடைக்கும்." அவன் எழவில்லை. "அதான் எறங்கிருச்சுல்ல" என்கிறான், அவள் முகத்தைப் பார்க்காமல். "ஒடம்பு வேற கணகணன்னு கெடக்கு. நாளைக்கு வெள்ளனே போவோம்."