குஞ்சமில்லாத வால்

சாவி பூட்டில் நுழைய மறுத்தது. அவள் அதைத் திருப்பிப் பிடித்து மீண்டும் செருகினாள்.

ஆய்வறைக்குள் இரண்டு கூண்டுகள். இரண்டிலும் மரத்தூள் மேடு.

எதுவும் அசையவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, ஊருக்குப் பேருந்து பிடிக்கும் அவசரத்தில், கழுவி வந்த கூண்டுகளில் பெயர் அட்டைகளைச் செருகியவள் அவள்தான். ‘பாலைவன எலி’ என்ற அட்டையை நம்பித் தண்ணீர்ப் புட்டியைக் கழற்றியவளும் அவள்தான்.

பாலைவன எலிக்குத் தண்ணீர் வேண்டியதில்லை. உலர்ந்த விதையிலிருந்தே தனக்கான நீரைத் தேடிக்கொள்ளும். அதன் சிறுநீரகம் ஒரு சொட்டையும் வீணாக்காது. மழை காணாத மண்ணில் தாகத்துக்குத் தப்பிய எத்தனையோ ஆயிரம் தலைமுறைகள் அதன் மரபணுக்களில் எழுதிவைத்துப் போன பாடம் அது. மூன்றாண்டுகளாக அவள் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒப்பிட்டுப் பார்க்க அடுத்த கூண்டில் வளர்த்த வீட்டெலிக்கு அந்தப் பரம்பரைச் சொத்து இல்லை.

இன்று காலை, தங்கையின் வளைகாப்புப் படங்களைப் புரட்டும்போது, கைப்பேசியில் அந்தக் கூண்டும் வந்தது. புட்டியைக் கழற்றியபின் பதிவுக்காக எடுத்த படம். மரத்தூளிலிருந்து ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது.

பாலைவன எலியின் வால்நுனியில் குஞ்சம் இருக்கும்.

படத்திலிருந்த வால் மொட்டை.

நான்கு மணி நேரப் பேருந்து. கூண்டுகளைப் பராமரிக்கும் பேச்சிமுத்துவின் கைப்பேசி அணைந்தே கிடந்தது.

தண்ணீரில்லாமல் இரண்டு நாள்.

அவள் புட்டியில்லாத கூண்டைத் திறந்து மரத்தூளை விலக்கினாள்.

வீட்டெலி கண் விழித்தது. மீசை துடித்தது. அதன் காலடியில் பாதி கொறித்த வெள்ளரித் துண்டு, ஈரம் காயாமல்.

பின்னால் காலடி ஓசை. பேச்சிமுத்து. ‘தண்ணீர் வைக்கக் கூடாது’ என்று அவள் எழுதி ஒட்டியிருந்த தாளையும் வெள்ளரியையும் அவர் மாறி மாறிப் பார்த்தார்.

“தண்ணி வைக்கலம்மா. புட்டி இருந்த எடத்தயே நக்கிக்கிட்டு கெடந்துச்சு. மனசு கேக்கல. ஒங்க ஆராய்ச்சியக் கெடுத்துப்புட்டேனா?”

அவள் தாளைக் கிழித்தாள்.

அடுத்த கூண்டிலிருந்து புட்டியைக் கழற்றினாள். நீர் ஏறக்குறைய வெள்ளிக்கிழமை நிரப்பிய கோட்டிலேயே நின்றது. குஞ்ச வால்காரன் சுருண்டு உறங்கிக்கொண்டிருந்தான்.

புட்டியை வீட்டெலிக்கு மாட்டினாள். அது ஓடி வந்து குடித்தது.

அந்த ஓசையைக் கேட்டபோதுதான் காலையிலிருந்து தன் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கிடப்பது அவளுக்குத் தெரிந்தது.

“அண்ணே, வெள்ளரி இன்னும் இருக்கா?”