எட்டாம் நாள் பிரியாணி

எட்டு நாள் உண்ணாவிரதம் கிடந்தவன் கையிலிருந்த பிரியாணித் தட்டை ஊரே பார்க்க வெடுக்கென்று பிடுங்கினாள் செங்கேணி. கட்டின பெண்டாட்டி!

பிடுங்கியதோடு விட்டாளா? புருஷன் கையில் அரை டம்ளர் கஞ்சியைத் திணித்தாள். தட்டை எடுத்துக்கொண்டு தண்ணி டேங்க் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். குனிந்த தலை நிமிராமல் அவளே தின்ன ஆரம்பித்தாள்.

எல்லப்பன் தனக்காகவா பட்டினி கிடந்தான்? உத்திரமேரூர் பஸ் மெயின் ரோட்டோடு போய்விடாமல் ஊருக்குள் வரவேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நடவுக்குப் போகிற பெண்களும் வெயிலில் நடந்து சாகக்கூடாது என்றுதானே பந்தல் போட்டு உட்கார்ந்தான். அன்று காலை பஸ் வந்தேவிட்டது, மூஞ்சியில் மாலையோடு. அந்தச் சந்தோஷத்துக்குத்தான் பிரியாணி.

"புருஷனுக்குக் கஞ்சி, தனுக்கு பிரியாணியா? நல்லா கீதும்மா இவ நாயம்" என்றாள் பக்கத்து வீட்டு ஆண்டாளம்மாள். பந்தலில் இருந்த அத்தனை பேரும் அதையே வேறு வேறு வார்த்தையில் சொன்னார்கள். சில வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

நர்ஸ் சுகிர்தாதான் குறுக்கே வந்தாள். தட்டைப் பிடுங்கச் சொன்னதே அவள்தானாம்.

நாள் கணக்கில் சோறு காணாத உடம்பு தன் கொழுப்பையும் சதையையும் எரித்துத்தான் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று வயிறு முட்டச் சோறு விழுந்தால், அதைச் சேர்த்துவைக்கிற அவசரத்தில் ரத்தத்தில் மிச்சமிருக்கிற உப்புச் சத்தையெல்லாம் உடம்பு உள்ளே இழுத்துக்கொள்ளும். கை நடுங்கும், கால் வீங்கும், இதயமே தடுமாறி நின்றுபோகவும் கூடும். ஷெட்டில் கிடந்த பஸ்ஸை எடுத்தவுடனே டாப் கியரில் ஓட்டலாமா? கஞ்சியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டவேண்டும். இவ்வளவையும் சுகிர்தா பந்தல் மைக்கிலேயே சொன்னாள்.

ஊர் தலையாட்டியது. சரி, பிடுங்கியது நல்லதுக்குத்தான். ஆனால் பிடுங்கியதைத் தின்றாளே, அதற்கு எந்த டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார்? செங்கேணி அன்று முழுக்க அந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு அண்டா கழுவினாள்.

மறுநாள் காலையில் சுகிர்தா எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு எல்லப்பன் வீட்டுக்கு வந்தாள். அவனை ஏற்றி நிறுத்திப் பார்த்தவள், இறக்கிவிட்டுத் தானே ஏறிப் பார்த்தாள். மெஷின் சரியாகத்தான் இருந்தது. உண்ணாவிரதம் தொடங்கிய அன்றைக்கு இருந்ததைவிட எல்லப்பன் இரண்டு கிலோ கூடியிருந்தான்.

பந்தலுக்குக் காவல் இருந்த கூட்டாளி வீராசாமி, இதுவரை பார்க்காதவன் மாதிரி வீட்டுக் கூரையை ஆராய ஆரம்பித்தான்.

எல்லப்பன் குரலைத் தாழ்த்தினான். "இவன்தான் டெய்லி பரோட்டா வாங்கியாந்து குடுப்பான். பந்தலுக்குப் பின்னால வச்சி துன்னுடுவேன். இன்னா இப்போ, ஊருக்கு பஸ் வந்துச்சா இல்லியா? வெளிய சொல்லிக்கினு இருக்காத நர்சம்மா."

சுகிர்தா நன்றாகக் கேட்டுவிட வாயைத் திறந்தாள். அதற்குள் வாசலில் குடம் உருண்டது.

செங்கேணி குழாயடியிலிருந்து வந்தவள் அப்படியே சரிந்து கிடந்தாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. விரல்கள் நடுங்கின. நாடியைப் பிடித்துப் பார்த்த சுகிர்தாவுக்கு முகம் மாறிவிட்டது.

"அக்கா, நேத்து பிரியாணிக்கு முன்னாடி எப்ப சாப்ட்ட?"

செங்கேணி யோசித்துத்தான் சொன்னாள். "இவரு பந்தல்ல உக்காந்தாரே, அதுக்கு மொத நாளு. அப்பால டீத்தண்ணி குடிச்சிக்கினு நடவுக்குப் போயிடுவேன்."

சுகிர்தாவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. நேற்று தட்டைப் பிடுங்கச் சொன்னபோதே பட்டினி வயிற்றுக்குப் பிரியாணி ஆகாது என்று சொல்லியும் ஏன் அதைத் தொட்டாய் என்று கேட்டாள்.

"வீணாப் பூடுமேன்னு துன்னேன். நீ உண்ணாவிரதம் இருந்தவங்களுக்குத்தான சொன்ன? நான் எங்க உண்ணாவிரதம் இருந்தேன்? அவரு சாப்டல, எனக்கும் எறங்கல. அவ்ளோதான்."

எல்லப்பன் தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டான்.

நூற்றியெட்டு ஆம்புலன்ஸ் வந்தது. சேதி கேட்டு ஓடிவந்த ஜனம், ஒரு வார்த்தை கேட்காமல் எல்லப்பனைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தது. தியாகி ஆயிற்றே! சுகிர்தா அவன் கையைப் பிடித்து இழுத்து இறக்கிவிட்டு, செங்கேணியும் எட்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று சொல்லி அவளை ஏற்றச் சொன்னாள். ஆண்டாளம்மாளுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வண்டி மறைகிறவரை நின்றாள்.

ஆஸ்பத்திரியில் ஊசியும் டிரிப்ஸுமாக ஏற்றினார்கள். முதல் இரண்டு நாள் டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. எல்லப்பன் கட்டிலை விட்டு நகரவில்லை. பிறகு ஒரு காலையில் டாக்டர் லேசாகச் சிரித்தார். பிழைத்துக்கொண்டாள், இனி கரண்டி கரண்டியாகக் கஞ்சி கொடுக்கலாம் என்றார்.

எல்லப்பன் முதல் கரண்டியை ஊதி ஆற்றி அவள் வாயருகே கொண்டுபோனான். செங்கேணி நடுங்குகிற கையால் அதை அவன் பக்கமே தள்ளினாள்.

"எட்டு நாளு பட்டினி கெடந்த ஒடம்புய்யா உனுது. மொதல்ல நீ குடி."

மறுக்கத் தெம்பில்லாமல் எல்லப்பன் வாயைத் திறந்தான். எட்டு நாளும் பரோட்டா தங்குதடையில்லாமல் இறங்கிய தொண்டையில் அந்த ஒரு கரண்டிக் கஞ்சி இறங்கவில்லை.