தைத்த பக்கம்

பேய்க்கதைப் புத்தகங்கள் ஐந்தும் சேர்ந்த பழைய செட் விற்பனைக்கு என்று போனில் பார்த்ததிலிருந்து இன்பவல்லிக்கு இருப்புக் கொள்ளவில்லை. சின்ன வயதில் பள்ளி நூலகத்தில் சண்டை போட்டு வாங்கிப் படித்த அதே புத்தகங்கள். அதற்காகப் பேரம் பேசாமல் விடுவாளா? விற்பவரையே போனில் பிடித்து, அட்டை கிழிசல், தாள் மஞ்சள், கூரியர் செலவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாதி விலைக்கு இறக்கிவிட்டாள்.

"இன்னொரு குறையும் இருக்கும்மா, சொல்லிடுறேன்," என்றார் அவர். "மூணாவது புத்தகத்துல ரெண்டு தாளைச் சேர்த்துத் தச்சிருக்கேன். உள்ள ஒரு படம். அதைப் பார்த்துட்டு எம்பொண்ணு தூங்கவே மாட்டேன்னுட்டா. இப்ப டாக்டருக்குப் படிக்கிறா, பொணத்தையே அறுக்கிறா. ஆனா இன்னைக்கும் அந்தப் புத்தகத்தை மட்டும் தொடமாட்டா. நூலைப் பிரிச்சு அனுப்பட்டுமா? இல்ல, அதுக்கும் கொஞ்சம் குறைச்சுக்கலாமா?"

அந்தப் படத்தில் கிணற்றுக்குள்ளிருந்து நீளும் கையை இன்பவல்லிக்கும் தெரியும். அந்த இடம் வந்தாலே கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு தாளையும் சேர்த்துப் புரட்டிவிடுவாள். அவள் வீட்டில் யாருக்கும் ஊசியும் நூலும் எடுக்கத் தோன்றியதில்லை.

"ஹலோ, லைன்ல இருக்கீங்களாம்மா?"

"குறைக்கவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம்ணே," என்றாள். பேரம் பேசிய குரலாக அது இல்லை. "நூல் இத்துப்போயிருந்தா மட்டும், இன்னொரு தடவை தச்சு அனுப்புங்க."